பிஜிபியில் முதல் வழியை அறிவிப்பது: உப்புவெளியிலிருந்து கிண்ணியா வரை ஒரு பயிற்சி

"அண்ணன், செஷன் வந்துட்டு. ஆனா ஒரு ரூட்டும் வருகுதில்லை."

நெட்வேர்க்கிங் பழக கிண்ணியாவிலிருந்து என்னிடம் வரும் தம்பி ஒருவர், லெப்டொப்பை என் பக்கம் திருப்பிக் காட்டிச் சொன்ன வசனம் இது: அயல் ரவுட்டரோடு பேச்சு (செஷன்) தொடங்கிவிட்டது, வழி (ரூட்) ஒன்றும் வரவில்லை. நெட்வேர்க்குகள் ஒன்றுக்கொன்று வழி சொல்லும் பிஜிபியைப் பழகுகிற எல்லோரும் ஒரு நாள் இதைச் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு ஒரு பின்னேரம் முழுக்கப் போனது.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், நான்கு தனித்தனிக் கேள்விகளை நாம் ஒன்றாகக் குழைத்துவிடுகிறோம். அயல் ரவுட்டரோடு பேச்சு தொடங்கியதா? என் வழியை நான் அறிவித்தேனா? அவர் அதை ஏற்றுக்கொண்டாரா? போன பக்கெட் (நெட்வேர்க்கில் போகும் தரவுத் துண்டு) திரும்பி வர வழி இருக்கிறதா? நான்கையும் அந்த வரிசையில் ஒவ்வொன்றாகச் சோதிக்கப் பழகினால் பிஜிபியில் பாதிப் பயம் போய்விடும். கீழே உள்ள பயிற்சியை அந்த வரிசையில்தான் அமைத்திருக்கிறேன்.

முதலில் பிஜிபி என்ன செய்கிறது என்று சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். இணையம் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தனித்தனி நெட்வேர்க்குகள் சேர்ந்தது. தன் நிர்வாகத்தைத் தானே பார்த்துக்கொள்கிற ஒவ்வொரு நெட்வேர்க்கையும் ஏஎஸ் என்கிறோம். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. இவை ஒன்றுக்கொன்று "இந்த முகவரிகள் என் வழியாகக் கிடைக்கும்" என்று சொல்லிக்கொள்ளும் மொழிதான் பிஜிபி. 1989 ஜனவரியில் கேர்க் லொஹீட், யாக்கோவ் ரெக்டர் என்ற இரண்டு பொறியியலாளர்கள், ஒரு கூட்டத்துக்குப் போன இடத்தில், சாப்பாட்டு மேசையில் கை துடைக்கும் தாள்களில் இதன் முதல் வடிவத்தை எழுதினார்கள். இன்று ஓடுவது நான்காம் பதிப்பு. அதன் விதிகள் 2006இல் வந்த ஆர்எஃப்சி 4271 ஆவணத்தில் இருக்கின்றன.

திருகோணமலை பஸ் நிலையத்தில் கொண்டக்டர் "கிண்ணியா, மூதூர்!" என்று கூப்பிடும்போது எந்த ஊர்களைத் தாண்டிப் போகும் என்பதைத்தான் சொல்கிறார். எத்தனை கிலோமீட்டர், ரோட்டில் எத்தனை பள்ளம் என்று சொல்வதில்லை. பிஜிபியும் அப்படித்தான். வழியில் எந்தெந்த ஏஎஸ் இருக்கின்றன என்று பட்டியல் தரும். கேபிளின் வேகமோ தூரமோ அதற்குத் தெரியாது.

இது உங்களுக்குத் தேவையா? உப்புவெளியில் ஒரு ஃபைபர் இணைப்போடு விருந்தினர் விடுதி நடத்துகிறீர்கள் என்றால் தேவையில்லை. எல்லாவற்றையும் ஒரே பக்கம் அனுப்பும் ஒரு டிஃபோல்ட் ரூட் போதும். இரண்டு சேவை வழங்குநர்களிடம் இணைப்பும் சொந்தமாக ஒரு முகவரித் தொகுதியும் இருந்து, எது விழுந்தாலும் வெளியுலகம் உங்களை அடைய வேண்டும் என்றால் பிஜிபி தேவை. சேவை வழங்குநர் ஒருவரிடமோ டேட்டா சென்டரிலோ வேலைக்குப் போக நினைக்கிற பிள்ளைகளுக்கும் கட்டாயம் தேவை.

மூன்று ரவுட்டர்கள், ஒரு லெப்டொப்

காசு கொடுத்து ரவுட்டர் வாங்க வேண்டாம். 8 ஜிபி நினைவகம் உள்ள லெப்டொப்பில் மூன்று விர்ச்சுவல் மெஷின்கள் (கணினிக்குள் ஓடும் கற்பனைக் கணினிகள்) போட்டு, ஒவ்வொன்றிலும் டெபியன் லினக்ஸும் எஃப்ஆர்ஆர் என்ற இலவச மென்பொருளும் நிறுவினால் போதும். எஃப்ஆர்ஆரின் கொமாண்டுகள் சிஸ்கோ ரவுட்டரின் கொமாண்டுகளைப் போலவே இருக்கும். இங்கே பழகியது அங்கேயும் பெரும்பாலும் கைகொடுக்கும்.

மூன்றுக்கும் நம் ஊர்ப் பெயர்களையே வைப்போம்.

உப்புவெளி: ஏஎஸ் 65001, இதன் முகவரித் தொகுதி 192.0.2.0/24
திருமலை: ஏஎஸ் 65002, நடுவில் இருப்பது
கிண்ணியா: ஏஎஸ் 65003, இதன் முகவரித் தொகுதி 198.51.100.0/24

உப்புவெளிக்கும் திருமலைக்கும் இடையிலான கேபிளில் 10.0.12.1, 10.0.12.2. திருமலைக்கும் கிண்ணியாவுக்கும் இடையில் 10.0.23.1, 10.0.23.2. எல்லாமே /30. கோட்டுக்குப் பின்னால் உள்ள எண் கூடக்கூடத் தொகுதி சிறியதாகும்; /32 என்றால் ஒரே ஒரு முகவரி. உப்புவெளியின் லூப்பெக்கில் (ரவுட்டருக்குள்ளேயே இருக்கும் கற்பனை இன்டர்ஃபேஸ்) 192.0.2.1/32 என்றும் கிண்ணியாவின் லூப்பெக்கில் 198.51.100.1/32 என்றும் ஒவ்வொரு முகவரி கொடுங்கள். பிங் பண்ணி, அதாவது கூப்பிட்டுப் பதில் வருகிறதா என்று பார்க்க ஒரு வீடு வேண்டுமே.

இந்த எண்களைச் சும்மா பொறுக்கவில்லை. 64512 முதல் 65534 வரையான ஏஎஸ் எண்கள் தனியார் பாவனைக்கு ஒதுக்கப்பட்டவை. அந்த இரண்டு முகவரித் தொகுதிகளும் பாடம் எழுதுவதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. உலகில் யாருக்கும் சொந்தமில்லை. பழகும்போது இன்னொருவரின் முகவரியை எடுத்து விளையாடக் கூடாது. ஏன் என்று கொஞ்சம் கீழே சொல்கிறேன்.

முகவரிகளைக் கொடுத்ததும் பக்கத்து ரவுட்டருக்கு மட்டும் பிங் பண்ணுங்கள். உப்புவெளியிலிருந்து 10.0.12.2 பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பிஜிபியைத் தொடவே வேண்டாம். கேபிளையும் முகவரியையும் பாருங்கள்.

அடுத்து எஃப்ஆர்ஆரின் அமைப்பு அடைவில் டீமன்ஸ் என்று ஒரு கோப்பு இருக்கும். அதில் பிஜிபிடி என்ற வரி "நோ" என்று இருப்பதை "யெஸ்" ஆக்கி, எஃப்ஆர்ஆரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு விடிஒய்எஸ்எச் என்று தட்டினால் ரவுட்டரின் திரைக்குள் போய்விடலாம். கொமாண்டுகளை வாசிக்கிற ஒலிப்பிலேயே தமிழில் தருகிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

அறிவிக்கும் முன் வடிகட்டி

பெரும்பாலான பாடங்கள் செஷனை முதலில் எழுப்பி, வழியை அறிவித்து, வடிகட்டியை (எந்த வழியைச் சொல்லலாம், எதைக் கேட்கலாம் என்ற கட்டுப்பாட்டை) கடைசிப் பாடமாக வைக்கின்றன. எனக்கு இதில் உடன்பாடில்லை. வடிகட்டி முதலில் வர வேண்டும். 2008 பெப்ரவரி 24 அன்று நடந்தது தெரிந்தால் நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

யூடியூப் அன்று 208.65.152.0/22 என்ற தொகுதியை அறிவித்துக்கொண்டிருந்தது. பாகிஸ்தானில் யூடியூப்பைத் தடுக்கும்படி அரசு உத்தரவு வந்தது. பாகிஸ்தான் டெலிகொம் தன் நாட்டுக்குள் தடுப்பதற்காகப் போட்ட 208.65.153.0/24 என்ற வழி வெளியே கசிந்து, மேலே இருந்த சேவை வழங்குநரிடம் போனது. அவர் வடிகட்டாமல் உலகத்துக்கே சொல்லிவிட்டார். ரவுட்டர்களுக்கு ஒரு விதி உண்டு: ஒரு முகவரிக்கு இரண்டு வழிகள் பொருந்தினால் எது குறுகிய தொகுதியோ அதையே எடுக்கும். /22 என்பது 1,024 முகவரிகள். /24 என்பது 256. ஆகவே உலகின் பல பக்கங்களிலிருந்தும் யூடியூப்புக்குப் போக வேண்டிய பக்கெட்டுகள் பாகிஸ்தானுக்குப் போய் அங்கே மறைந்தன. நிலைமை சீராக இரண்டு மணிநேரத்துக்கும் மேல் எடுத்தது. அனுப்பியவரோ வாங்கியவரோ, ஒருவர் வடிகட்டியிருந்தாலும் அது உலகத்துக்குப் பரவியிருக்காது.

சரி, உப்புவெளியில் எழுதுவோம். இரண்டு பட்டியல் வேண்டும்: நாங்கள் சொல்லக்கூடியது, நாங்கள் கேட்கக்கூடியது. பட்டியலின் பெயர் பிரிஃபிக்ஸ்-லிஸ்ட், அதை அயலோடு கட்ட உதவும் விதி ரூட்-மெப். அவற்றுக்கு வைக்கும் பெயர் உங்கள் விருப்பம். நான் "எங்கட", "அவங்கட" என்று வைப்பேன்; மூன்று மாதம் கழித்து வாசித்தாலும் எது எதென்று விளங்கும்.

ஐபி பிரிஃபிக்ஸ்-லிஸ்ட் எங்கட சீக் 5 பெர்மிட் 192.0.2.0/24
ஐபி பிரிஃபிக்ஸ்-லிஸ்ட் அவங்கட சீக் 5 பெர்மிட் 198.51.100.0/24
ரூட்-மெப் வெளியே பெர்மிட் 10
மெட்ச் ஐபி அட்ரஸ் பிரிஃபிக்ஸ்-லிஸ்ட் எங்கட
ரூட்-மெப் உள்ளே பெர்மிட் 10
மெட்ச் ஐபி அட்ரஸ் பிரிஃபிக்ஸ்-லிஸ்ட் அவங்கட

பட்டியலில் இல்லாத எதுவும் தானாகவே மறுக்கப்படும். தனியாக "மறு" என்று எழுதத் தேவையில்லை. /24 என்று எழுதினால் சரியாக /24 மட்டும்தான் பொருந்தும். அதற்குள் இருக்கிற /25 பொருந்தாது.

கிண்ணியாவில் இதையே தலைகீழாக எழுதுங்கள். திருமலை நடுவில் இருப்பதால் அங்கே கொஞ்சம் கவனம் வேண்டும். உப்புவெளியிடமிருந்து உப்புவெளியின் தொகுதியை மட்டும் ஏற்க வேண்டும், கிண்ணியாவிடம் அதைச் சொல்ல வேண்டும். மற்றப் பக்கமும் அப்படியே. ஒவ்வொரு அயலுக்கும் தனி ரூட்-மெப் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

பேச்சு தொடங்கியதா?

உப்புவெளியில்:

ரவுட்டர் பிஜிபி 65001
நெய்பர் 10.0.12.2 ரிமோட்-ஏஎஸ் 65002
அட்ரஸ்-ஃபெமிலி ஐபிவி4 யூனிகாஸ்ட்
நெய்பர் 10.0.12.2 ரூட்-மெப் உள்ளே இன்
நெய்பர் 10.0.12.2 ரூட்-மெப் வெளியே அவுட்

திருமலையில் 10.0.12.1ஐ அயலாக வைத்து 65001 என்று எழுதுங்கள். திருமலைக்கும் கிண்ணியாவுக்கும் இடையிலும் இதே போல இரண்டு பக்கமும் எழுதுங்கள். பிஜிபியில் அயல் தானாகக் கிடைக்காது. இரண்டு பக்கமும் பெயர் சொல்லி அழைத்தால்தான் பேச்சு தொடங்கும். பிறகு "ஷோ பிஜிபி சம்மரி" பாருங்கள். கடைசிப் பக்கமாக உள்ள ஸ்டேட் என்ற நிரலில் ஓர் எண் இருந்தால் செஷன் எழும்பிவிட்டது. அது அயலிடமிருந்து ஏற்ற வழிகளின் எண்ணிக்கை. சைபர் என்றாலும் செஷன் நன்றாகவே இருக்கிறது. எண்ணுக்குப் பதில் ஒரு சொல் இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

"ஆக்டிவ்" என்று தெரிந்தால் புதியவர்கள் சந்தோஷப்படுவார்கள். அந்தச் சொல் ஏமாற்றும். இணைப்பு எடுக்க முயன்றுகொண்டிருக்கிறது, இன்னும் கிடைக்கவில்லை என்று அர்த்தம். பிஜிபி டிசிபி 179ஆம் போர்ட்டில் பேசுகிறது. ஃபயர்வோல் அதை அடைத்திருக்கலாம், அயலின் முகவரியை நீங்கள் பிழையாகத் தட்டியிருக்கலாம், மறுபக்கம் இன்னும் எழுதாமலே இருக்கலாம். ஏஎஸ் எண் பொருந்தாவிட்டால் செஷன் எழும்ப முயன்று உடனே விழும். லொக்கில் "பேட் பியர் ஏஎஸ்" என்று வரும். "பொலிசி" என்று தெரிந்தால் வடிகட்டியை அயலோடு கட்ட மறந்துவிட்டீர்கள். 2017இல் வந்த ஆர்எஃப்சி 8212 சொல்வது, வெளி ஏஎஸ்ஸோடு பேசும்போது பொலிசி எழுதாதவரை ஒரு வழியையும் கொடுக்கவோ வாங்கவோ கூடாது என்று. எஃப்ஆர்ஆர் இதைப் பின்பற்றுகிறது. இதை அணைக்க ஒரு கொமாண்ட் இருக்கிறது, தேடினால் முதலில் அதுதான் கண்ணில் படும். அணைக்காதீர்கள்.

அறிவித்தேனா?

ரவுட்டர் பிஜிபி 65001இன் அட்ரஸ்-ஃபெமிலிக்குள் போய்:

நெட்வேர்க் 192.0.2.0/24

இவ்வளவுதான் அறிவிப்பு. என் பின்னேரத்தைத் தின்றது இந்த ஒரு வரிதான். நெட்வேர்க் என்ற கொமாண்ட் ஒரு வழியை உருவாக்குவதில்லை. ரவுட்டரின் வழி அட்டவணையில் அதே முகவரியும் அதே அளவும் கொண்ட வழி ஏற்கெனவே இருந்தால் மட்டும் எடுத்து அறிவிக்கும். அன்று என் இன்டர்ஃபேஸில் இருந்தது /25, நான் அறிவிக்கச் சொன்னது /24. திரையில் எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. கொமாண்ட் ஏற்கப்பட்டது, செஷன் எழும்பியிருந்தது, மறுபக்கம் மட்டும் சைபர். கேபிளை மாற்றினேன், ஃபயர்வோலை அணைத்தேன், மென்பொருளையே திரும்ப நிறுவினேன். கடைசியில் "ஷோ ஐபி ரூட்" எடுத்து இரண்டு வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் 24க்கும் 25க்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தது. கிண்ணியாத் தம்பிக்கும் அதே நோய்தான்: அவருடைய அட்டவணையில் லூப்பெக்கின் /32 மட்டும் இருந்தது, /24 இல்லை.

மருந்து எளிது. முழுத் தொகுதிக்கும் ஒரு நிலையான வழி போடுங்கள்:

ஐபி ரூட் 192.0.2.0/24 பிளக்ஹோல்

பிளக்ஹோல் என்றால் வரும் பக்கெட்டை விழுங்கிவிடும் கிணறு. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். /24ஐக் கிணற்றில் போட்டாலும் 192.0.2.1க்கு வரும் பக்கெட் அதைவிடக் குறுகிய /32இல் பொருந்தி வீடு போய்ச் சேரும். பாவனையில் இல்லாத முகவரிகளுக்கு வருபவை மட்டும் கிணற்றில் விழும். அதுதான் நமக்கும் வேண்டும். இல்லாவிட்டால் அவை டிஃபோல்ட் ரூட் வழியே வெளியே போய், திரும்ப உள்ளே வந்து சுற்றிக்கொண்டிருக்கும்.

கிண்ணியாவிலும் 198.51.100.0/24க்கு இதையே செய்யுங்கள். இப்போது உப்புவெளியில் "ஷோ பிஜிபி ஐபிவி4 யூனிகாஸ்ட் நெய்பர்ஸ் 10.0.12.2 அட்வடைஸ்ட்-ரூட்ஸ்" தட்டுங்கள். நீங்கள் உண்மையில் என்ன அனுப்பினீர்கள் என்று காட்டும் கண்ணாடி இது. எதையாவது மாற்றிய பிறகு இதைப் பார்க்காமல் நான் எழும்புவதில்லை.

ஏற்றாரா?

கிண்ணியாவுக்குப் போய் "ஷோ பிஜிபி ஐபிவி4 யூனிகாஸ்ட்" பாருங்கள். 192.0.2.0/24 என்ற வரியின் முன்னால் ஒரு நட்சத்திரமும் ஓர் அம்புக்குறியும் இருக்க வேண்டும். நட்சத்திரம் என்றால் செல்லுபடியாகும் வழி, அம்பு என்றால் தெரிந்தெடுத்த வழி. நெக்ஸ்ட் ஹொப் 10.0.23.1, அதாவது திருமலை. பாத் என்ற நிரலில் 65002 65001 என்று இருக்கும். வலப்பக்கம் உள்ளது வழி பிறந்த ஏஎஸ். இடப்பக்கம் உள்ளது கடைசியாகக் கைமாற்றியது. ஒரு ரவுட்டர் தன் சொந்த எண்ணை இந்தப் பட்டியலில் கண்டால் அந்த வழியைத் தூக்கி எறிந்துவிடும். வழிகள் வட்டமடிக்காமல் இருப்பது இந்தச் சின்ன விதியால்தான்.

திருமலையில் வந்து கிண்ணியாவில் வராவிட்டால், தேட வேண்டிய இடம் திருமலையின் வெளி வடிகட்டி அல்லது கிண்ணியாவின் உள் வடிகட்டி. பட்டியலைத் திருத்தியபின், "கிளியர் பிஜிபி 10.0.23.1 சொஃப்ட் இன்" என்று தட்டினால் செஷன் விழாமல் வழிகளைத் திரும்பக் கேட்கும். "சொஃப்ட் இன்" என்ற இரண்டு சொல்லையும் விட்டுவிட்டால் செஷனே விழுந்து எழும்பும். பயிற்சியில் பரவாயில்லை. வேலை செய்யும் இடத்தில் அந்த இரண்டு சொல்லுக்காக எல்லோருடைய இணைப்பும் சில நிமிடம் போகும்.

திரும்பி வர வழி இருக்கிறதா?

உப்புவெளியிலிருந்து 198.51.100.1க்குப் பிங் பண்ணுங்கள். அநேகமாகப் பதில் வராது. அட்டவணையில் வழி இருக்கிறது, பிறகு ஏன்?

உங்கள் பிங் 10.0.12.1 என்ற முகவரியிலிருந்து கிளம்புகிறது. அந்த /30 தொகுதியை நாம் யாருக்கும் அறிவிக்கவில்லையே. கிண்ணியாவுக்குப் பக்கெட் போய்ச் சேர்கிறது, பதில் அனுப்ப அதற்கு வழி தெரியவில்லை. மூலமுகவரியை 192.0.2.1 என்று குறிப்பிட்டுப் பிங் பண்ணுங்கள்.

அப்போதும் வராவிட்டால் திருமலையில் லினக்ஸின் ஐபி ஃபோவர்டிங் அணைந்திருக்கிறது. பிஜிபி வழியைச் சொல்லும், பக்கெட்டைத் தூக்கிக் கொடுப்பது லினக்ஸின் வேலை. அந்த அமைப்பை 1 ஆக்கினால் பதில் வரும். முதல் பதில் வரி வரும்போது தம்பி கதிரையிலிருந்து எழும்பிவிட்டார்.

உண்மையான இணையத்துக்குப் போகும்போது

ஆசிய பசுபிக் பகுதிக்கு ஏஎஸ் எண்ணும் முகவரிகளும் தருவது ஏப்னிக். அதன் அலுவலகம் அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இருக்கிறது. முகவரி கிடைத்த கையோடு, முகவரி உரிமையைக் கையொப்பத்தால் உறுதிப்படுத்தும் ஆர்பிகேஐ முறையில் ஒரு ஆர்ஓஏ எழுதிவிடுங்கள்: "இந்தத் தொகுதியை அறிவிக்க உரிமை இந்த ஏஎஸ்ஸுக்கு மட்டும்" என்று கையொப்பமிட்ட பத்திரம் அது. அதில் ஆகக் கூடிய அளவு என்று ஒரு கட்டம் உண்டு. நீங்கள் /24 மட்டும் அறிவிப்பதென்றால் 24 என்றே எழுதுங்கள். 32 என்று தாராளமாக எழுதினால் உங்கள் ஏஎஸ் எண்ணைப் போலியாகப் போட்டு இன்னொருவர் சிறு தொகுதியை அறிவிக்க இடம் கொடுத்தவர்கள் ஆவீர்கள். ஐபிவி4இல் /24ஐவிடச் சிறிய தொகுதியைப் பெரும்பாலான நெட்வேர்க்குகள் ஏற்பதில்லை. ஐபிவி6இல் எல்லை /48. அயல் ஒவ்வொன்றுக்கும் "மெக்ஸிமம்-பிரிஃபிக்ஸ்" என்ற உச்சவரம்பையும் போடுங்கள்; அவர் பிழைவிட்டு ஆயிரக்கணக்கில் வழிகளைக் கொட்டினால் செஷன் தானாக நிற்கும்.

மூதூரையும் சேர்த்துப் பாருங்கள்

நான்காவது மெஷின் ஒன்றை மூதூர் என்று, ஏஎஸ் 65004 ஆகச் சேருங்கள். திருமலையிலிருந்து மூதூருக்குக் கொட்டியாரக் குடாவைக் குறுக்கறுத்துக் கடலாலும் போகலாம், கிண்ணியாப் பாலம் ஏறித் தரையாலும் போகலாம். அதே போல மூதூரைத் திருமலையோடும் கிண்ணியாவோடும் கட்டுங்கள். வடிகட்டிகளில் புதிய அயலுக்கும் இடம் கொடுக்க மறக்காதீர்கள். இப்போது உப்புவெளிக்குப் போகக் கிண்ணியாவிடம் இரண்டு வழிகள் இருக்கும்: 65002 65001 ஒன்று, 65004 65002 65001 மற்றது. ஏஎஸ் எண்ணிக்கை குறைந்தது அம்புக்குறியோடு நிற்கும்.

பிறகு திருமலைக்கும் கிண்ணியாவுக்கும் இடையிலான இணைப்பைத் திருமலைப் பக்கம் கழற்றிவிட்டு, உப்புவெளியிலிருந்து ஓடுகிற பிங்கைப் பாருங்கள். விர்ச்சுவல் மெஷினில் நடுவில் ஒரு ஸ்விட்ச் இருப்பதால் கிண்ணியாவின் இன்டர்ஃபேஸ் விழுந்தது போலத் தெரியாது. "நான் இருக்கிறேன்" என்று அயல் அனுப்பும் கீப்அலைவ் வராமல், அதற்காகக் காத்திருக்கும் ஹோல்ட் டைமர் முடியும்வரை அது பழைய வழியையே நம்பிக்கொண்டிருக்கும். 60 விநாடிக்கு ஒரு கீப்அலைவ், 180 விநாடி ஹோல்ட் என்பதுதான் வழக்கமான அமைப்பு. தம்பி போனில் நேரம் பிடித்தார்: 2 நிமிடம் 20 விநாடி பிங் செத்துக் கிடந்தது, பிறகு மூதூர் வழியாக உயிர்த்தது. டைமர்களை இரண்டு பக்கமும் 3, 9 என்று மாற்றி, செஷனை ஒரு முறை கிளியர் செய்து, மறுபடி கழற்றினோம். இந்த முறை எட்டு விநாடி.